அடைப்பைக் கரைக்காதே, வெளியே எடு

அன்பு மகளுக்கு,

சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, அடைப்பு நீக்கும் பவுடர் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் சூடேறும், கொழுப்பைக் கரைக்கும், முடியையும் அரிக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் குழாய் முழுவதுமாக அடைத்திருந்தால் அது அடைப்பின் மேலேயே தேங்கி நிற்கும். பிறகு நீ பிளஞ்சரை, அதாவது கம்பின் முனையில் ரப்பர் கிண்ணம் உள்ள கருவியை, வைத்து அழுத்தினால் முகத்தில் தெறிப்பது கண்ணைக் கெடுக்கும் காரம். குழாயைக் கழற்ற வருகிற பிளம்பரின் கையிலும் அதுதான் கொட்டும். ஒன்று பலிக்கவில்லை என்று அதன் மேல் இன்னொன்றை ஊற்றுவது இன்னும் மோசம். பிளீச்சும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் போதும் என்று உன் அம்மா சொல்வாள். நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்தவுடன் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று தணித்துவிடும். மிஞ்சுவது உப்புக் கரைசலும் கரியமில வாயுவும். அந்த வாயுவும் அடைப்பைத் தள்ளாது, திறந்திருக்கிற மேல்வாய் வழியாகப் போய்விடும். லேசான நாற்றத்துக்கு ஊற்றிக்கொள், அடைப்புக்கு அதை நம்பாதே. அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

சமையலறை அடைப்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான். சூடாக இருக்கும்போது ஓடுகிற கொழுப்பு, குழாயின் உள்சுவரில் குளிர்ந்து உறைந்து, உணவுத் துணுக்குகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிறது என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு, நல்ல சூடான தண்ணீரை நிதானமாக ஊற்று. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகி, இணைப்புகள் விட்டுவிடும்.

கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் பிளஞ்சரை எடு. ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்கு சிங்க் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். மேலே வழிந்தோடும் துளை இருந்தால் ஈரத்துணியால் இறுக்கி அடைத்துவிடு. இரட்டைத் தொட்டி என்றால் பக்கத்துத் தொட்டியின் வாயையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்த வழியே காற்றாகப் போய்விடும். முதல் அழுத்தம் மெதுவாக இருக்கட்டும், உள்ளே இருக்கிற காற்று வெளியேறட்டும். அதன்பின் கிண்ணத்தின் விளிம்பு எழும்பாமல் மேலும் கீழுமாக வேகமாக இயக்கு. எல்லோரும் அழுத்துவதில்தான் பலத்தைக் காட்டுவார்கள். மேலே இழுப்பதிலும் அதே வேகம் வேண்டும். முன்னும் பின்னும் அசைந்தால்தான் கட்டி உடையும்.

அதற்கும் மசியவில்லையா? சிங்க்குக்குக் கீழே குனிந்து பார். குழாய் தொட்டில்போல் வளைந்திருக்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அடைப்பும் அங்கேதான் அதிகம் உட்காரும். அடியில் வாளியை வை. இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் மரைகளைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகிக் கழற்றலாம். தண்ணீர் கொட்டிய பின்னால், கறுத்த, வழவழப்பான, மூக்கைப் பிடிக்க வைக்கிற ஒரு கட்டி வந்து விழும். உள்ளே பழைய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக் கழுவு. கழுவுகிறேன் என்று அதே சிங்க்குக்குக் கொண்டுபோய்விடாதே, கீழே குழாய் இல்லை! திரும்ப மாட்டும்போது வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது முக்கியம். அதனால் கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

குளியலறையில் கதை வேறு. அங்கே முடியும் சோப்பும். கடின நீரில் சோப்பு கரையாத வெள்ளைப் படிவாகும், அது முடிக்கற்றையில் ஒட்டிக்கொண்டு பந்தாகத் திரளும். எதை ஊற்றியும் சிரமப்படாதே. சல்லடை மூடியைத் தூக்கிவிட்டு, நுனியில் சின்னக் கொக்கியாக வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி, மெல்ல இழு. முதலில் நாலைந்து இழை வரும், பிறகு இன்னதென்று சொல்ல முடியாத நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறச் சடை வரும். கையுறை போட்டுக்கொள்.

ஒன்றை மட்டும் நீயாகச் செய்யப் பார்க்காதே. கழிப்பறையில் தண்ணீர் விட்டால் குளியலறைத் தரையில் தண்ணீர் மேலே ஏறுகிறது, வீட்டில் எல்லா வடிகாலும் ஒரே நேரத்தில் தேங்குகிறது என்றால் அடைப்பு பிரதானக் குழாயில் இருக்கிறது. அப்போது தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடு.

அந்த இன்னொரு குளியலறையில் நாற்றம் வருகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் அடைப்பாக இருக்காது. யாரும் புழங்காததால் தரை வடிகாலின் வளைவில் நின்ற தண்ணீர் வற்றியிருக்கும். இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நாற்றம் நின்றதா என்று எழுது.

அன்புடன்,
அப்பா