எச்சரிக்கை இருக்கிறது, செலவு யாருடையது?

ஆசிரியருக்கு,

விநியோகச் சங்கிலியில் செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணினி முன்கூட்டியே எச்சரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது என்கிறார் கட்டுரையாளர். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களை நேரத்துக்கு முடித்து அனுப்பும் வேலையில் இருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எச்சரிக்கைக்கு இங்கே என்றைக்கும் பஞ்சமில்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் ஐரோப்பா போகும், கூடுதலாகப் பத்து நாளாவது பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன? டெலிவரி தேதியைப் பையர் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம்) தள்ளித் தராவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் விழும்?

நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று ஒரு டி-ஷர்ட், கூலிக்கு வேலை செய்து தரும் பல ஜாப் ஒர்க் யூனிட்களைத் தாண்டி வருகிறது. துவைக்கும் முறையைச் சொல்லும் வாஷ்கேர் லேபிள் வந்து சேரவில்லையென்றால், அதை வைத்துத் தைக்கும் பக்கவாட்டுத் தையலை அடிக்க முடியாமல் தையல் லைனே நிற்கும். சின்ன யூனிட்களின் கணக்கெல்லாம் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. ஏஐ எதைப் படித்துக் கணிக்கும்?

டொயோட்டாவைப் பாருங்கள். இருப்பே வைக்காத உற்பத்திக்குப் பேர்போன கம்பெனி அது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சப்ளையருக்குச் சப்ளை செய்பவர் யார், அவருக்குக் கொடுப்பவர் யார் என்று அடுக்கடுக்காகத் தோண்டிப் பட்டியல் போட்டது. சிப்களை இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வைக்கச் சப்ளையர்களிடம் சொன்னது. வருடாவருடம் அவர்களிடம் குறைக்கச் சொல்லும் விலையில் ஒரு பங்கை இதற்காகத் திருப்பியும் தந்தது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் திண்டாடியபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைத்தது என்பது வேறு விஷயம். ஆனால் இடைப்பட்ட மாதங்களைச் சம்பாதித்துக் கொடுத்தது, காசு போட்டு இருப்பு வைத்த முடிவு.

இங்கே நடப்பது தலைகீழ். பையரின் விற்பனைக் கணிப்பு கூர்மையாக ஆக, ஆர்டர் துண்டு துண்டாகிறது, அவகாசமும் சுருங்குகிறது. இருப்பின் சுமை பையரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கு, அவரிடமிருந்து ஜாப் ஒர்க்காரருக்கு என்று கீழே இறங்குகிறது. இதுவும் வணிக உத்திதான். ஏஐ அதற்கு வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவே.

தன் கணிப்பைச் சாயப்பட்டறை வரை பகிர்ந்துகொண்டு, கூடுதல் நூல் இருப்புக்கு அட்வான்ஸும் தரும் பையர் எங்காவது இருந்தால் உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும். எங்கள் பையரோடு அடுத்து விலை பேச உட்காரும்போது எடுத்துக்காட்ட எனக்கு அப்படி ஒன்று வேண்டும்.

— ஒரு வாசகர், திருப்பூர்