செல்விக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் லெட்டர் வந்துச்சு. உங்க கார்மெண்ட்ஸ் கம்பெனில செக்கிங்கையும் அயர்னிங்கையும் ஒரே செக்சனா ஆக்கறாங்க, யாருக்கு வேலை போகுமோன்னு எல்லாரும் பயந்து கெடக்கறாங்க, சூப்பர்வைசரா நின்னு நான் என்ன சொல்றதுன்னு கேட்டிருந்தே. எனக்குத் தெரிஞ்சத எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்க.

எங்க பால் சொசைட்டில போன கோடைல பால் சீக்கிரமே கெட்டுப்போச்சு. நீலச்சாயம் ஊத்தி டெஸ்ட் பண்ணுவாங்கல்ல, கிருமி எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு வெரசா நீலம் வெளுத்துரும், எங்க பால் கண்ணு முன்னாடியே வெளுக்கும். மீட்டிங் போட்டா யாரு பால் மோசம்ங்கறதுதான் பேச்சு, பால் ஊத்தறவங்க எல்லாம் குனிஞ்ச தலை நிமிராம இருந்துட்டு வெளிய போய் சண்டை போட்டுக்குவாங்க. அப்பத்தான் நான் கேட்டேன், இதே வெயில் இதே தண்ணிதான் எல்லாருக்கும், இதுல யாரு வீட்டுப் பால் ரொம்ப நேரம் கெடாம நிக்குதுன்னு பாக்கலாமேன்னு. தனித்தனியா டெஸ்ட் பண்ணினா, ஒரு மாடு ரெண்டு மாடு வச்சிருக்கற சில அக்காங்க பால்தான் நல்லா நின்னுச்சு. விடிய முன்னாடி கறவை நேரத்துக்கே அவங்க கட்டுத்தரைக்குப் போனோம். முதல் ரெண்டு பீச்ச கிண்ணத்துல பீச்சி தனியா ஊத்திடறாங்க, மடியக் கழுவிட்டு காஞ்ச துணில ஒத்தி எடுக்கறாங்க, ஈரத்தோட கறந்தா அழுக்குத் தண்ணி பாலுக்குள்ள சொட்டுமாம், கேனைத் தேய்ச்சு வெயில்ல கவுத்தறாங்க, கறந்த கையோட சொசைட்டிக்கு நடந்துடறாங்க. இதுல காசு கொடுத்து வாங்கற சாமான் ஒண்ணாவது இருக்கா சொல்லு! கேரளா கவர்மெண்ட் பொம்பளைங்களுக்காக 1998ல ஆரம்பிச்ச குடும்பஸ்ரீ திட்டத்துல இங்க ஊர் பூரா அயல்கூட்டம் இருக்கு, பத்து இருபது பொம்பளைங்க கூடி உக்கார்ற பழக்கம் ஏற்கனவே உண்டு, அங்கயே அந்த அக்காங்களை செஞ்சு காட்டச் சொன்னோம். ஆபீசர் வந்து சொன்னப்ப கேக்காதவங்க பக்கத்து வீட்டுக்காரி சொன்னா கேக்கறாங்க. பால் இப்ப நிக்குது.

அப்புறந்தான் படிச்சேன், இதுக்குன்னு ஒரு படிப்பே இருக்கு. அமெரிக்கால கிளீவ்லாண்ட்ல டேவிட் கூப்பர்ரைடரும் அவரோட வாத்தியார் சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாவும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஆராய்ச்சி பண்ணி, எங்க ஓட்டை இருக்குன்னு தேடறத விட்டு எது நல்லா நடக்குது, ஏன் நடக்குதுன்னு கேக்கற வழிய 1987ல எழுதினாங்க, அப்ரீஷியேட்டிவ் இன்கொயரின்னு பேரு. ஆனா எனக்கு மனசுல நின்னது வியட்நாம் கதைதான். 1990கள் ஆரம்பத்துல ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் சம்சாரம் மோனிக்கும் அங்க சத்துக்குறைவான குழந்தைங்களுக்காகப் போனாங்க, ஏழை வீட்டுலயே நல்லா வளர்ற குழந்தைய தேடிப் பார்த்தா அந்த அம்மாங்க வயல்ல கெடக்கற சின்ன இறால், நண்டு, சர்க்கரைவள்ளி இலை எல்லாம் சோத்துல சேர்த்து, கொஞ்சங்கொஞ்சமா நாளைக்கு பல தடவை ஊட்டிருக்காங்க. மத்த அம்மாங்களுக்கு அவங்க கிளாஸ் எடுக்கல செல்வி, ஆளுக்கு ஒரு கை இறாலும் கீரையும் பிடிச்சுட்டு வரச்சொல்லி சேர்ந்து சமைக்க வச்சாங்க. கைல செஞ்சாத்தான் பழக்கம் ஒட்டும்.

உங்கிட்ட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. வேலை போகற பயம் இருக்கறப்ப உங்க நல்லத சொல்லுங்கன்னு ஆரம்பிச்சா அது ஏமாத்தறது மாதிரி ஆயிரும். யாரு இருப்பாங்க, சம்பளம் என்னாகும்னு மேனேஜர்கிட்ட கேட்டு தெரிஞ்சத முதல்ல நேராச் சொல்லிடு. இங்கயும் தீவன விலைப் பேச்ச நாங்க யாரும் அமுக்கல, அது தனியா நடந்துட்டேதான் இருந்துச்சு. அப்புறமா ஷிப்மெண்ட் நெருக்கடில ரெண்டு செக்சனும் சண்டையில்லாம வேலை முடிச்ச ராத்திரி ஏதாவது இருக்கும்ல, அன்னிக்கு யாரு என்ன பண்ணினாங்கன்னு கேளு. நல்லா பண்ணினீங்கன்னு புகழாத, பீஸ எந்த டேபிள்ல இருந்து யாரு எடுத்தாங்க, ரிஜெக்ட்ட யாருகிட்ட சொன்னாங்கங்கற வரைக்கும் போ. பேசாம இருக்கற பொண்ணுங்கதான் நெறய வச்சிருப்பாங்க, அவங்கள விட்டுடாத.

கேக்கப்போற கேள்விய எனக்கு எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்றேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவல. ஓணத்துக்கு லீவு கெடச்சா புள்ளைங்களயும் கூட்டிட்டு வா, வேலந்தாவளத்துல இறங்கினா தம்பி வண்டி எடுத்துட்டு வருவான்.

அன்புடன்,
உன் ராஜி