சட்டையை மடித்து வைத்தவருக்கு

என் தம்பி கொல்லப்பட்ட வழக்கில் கடந்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது. என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அழுது ஓயும்வரை காத்திருந்தால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் யாரையாவது மறந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன்.

2016 முதல் அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் "நீதிபதி விடுப்பு", "சாட்சி வரவில்லை", "எதிர்தரப்பு அவகாசம்" என்று காரணத்தை எழுதிவைத்தார். 2021இல் அவர் காலமானபோது அவருடைய இரும்புப் பெட்டியில் 34 தாள்கள் இருந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றை நான் எண்ணவில்லை.

அம்மாவைக் கூண்டில் ஏற்றியது 2023இல். வழக்குக் கட்டில் அவர் பெயர் "அ.சா.3", அதாவது அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி. மகன் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஏழரை மணிக்கா, எட்டு மணிக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போலீசாரிடம் அன்று சொன்னதற்கும் ஏழு ஆண்டு கழித்து இப்போது சொல்வதற்கும் அரை மணி நேரம் வித்தியாசம் இருந்ததாம். ஏழு ஆண்டுகளைக் கடத்தியது அம்மா அல்ல. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அரக்கு முத்திரை வைத்த உறையைப் பிரித்து, நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து அம்மாவிடம் காட்டினார்கள். கறை பழுப்பேறி, துணி அட்டைபோல விறைத்திருந்தது. "இது என் பிள்ளையோடதுதான். ரெண்டாவது பட்டனை நான்தான் கறுப்பு நூலால் தைச்சேன், அன்னிக்கு வெள்ளை நூல் இல்ல" என்றார் அம்மா. அதோடு அவர் சாட்சியம் முடிந்தது. உணவு இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்தது. மேசையில் விரித்தபடி கிடந்த சட்டையை எல்லோரும் கடந்து போனார்கள்.

பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் ஊழியர் மட்டும் நின்றார். சட்டையை உறைக்குள் திணித்து முத்திரை வைத்திருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். அவரோ அதை மேசைமேல் சீராக விரித்து, பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எடுத்துவைப்பதுபோல மடித்து உறைக்குள் வைத்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உறையின் வாய் ஒட்டப்படும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அன்று திரும்பும் பேருந்தில், பல மாதங்களுக்குப் பிறகு அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். சட்டையை மடித்து வைத்தவரே, உங்கள் பெயரை விசாரித்து அறிந்துகொள்ளாதது என் தவறு. இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான்.

கட்டணமின்றி எங்களுக்காக வாதாட வந்த, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர். மூன்று முறை இடமாற்றம் ஆன பிறகும் ஒவ்வொரு அழைப்பாணைக்கும் வந்து நின்ற விசாரணை அதிகாரி. எத்தனையோ பேர் வீடு தேடி வந்து பேசியும் பிறழ்சாட்சியாக மாறாத அண்டை வீட்டு அண்ணனும் அண்ணியும். 16 இலக்க வழக்கு எண்ணைக் கைபேசியில் போட்டு அடுத்த வாய்தாவைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த சட்டக் கல்லூரி மாணவி. என் பாடவேளைகளை மாற்றிக்கொடுத்த தலைமையாசிரியர்: உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

விசாரணை தொடங்கினால் அதை நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு சொன்னது என்பதை நான் இந்த ஆண்டுகளில்தான் படித்தேன். பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடியவர்களுக்காக, விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்தேன். அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சியே. ஆனால் ஜாமீனில் வந்தவர்கள் நிற்கும் அதே வராந்தாவில், அவர்கள் டீ குடிக்கும் அதே கடை வாசலில், ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதிதாக இழவு வீட்டிலிருந்து வருவதுபோல வந்து நிற்கும் குடும்பத்துக்கும் அந்த நாட்கள் சொந்தமானவை அல்லவா? தங்கையின் கல்யாணப் பேச்சை "கேஸ் முடியட்டும்" என்று எத்தனை முறை தள்ளிவைத்தோம் என்பது எந்தத் தீர்ப்பிலும் ஏறாது.

இனி மாதத்தில் ஒரு நாளாவது அந்த வராந்தாவுக்குப் போய், முதல் வாய்தாவுக்கு வந்து வழி தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சொல்லித்தரப்பட்டவற்றை அவர்களுக்குச் சொல்லித்தருவேன்.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் சான்றுப் பொருள்களை அழித்துவிட வேண்டும் என்பது தீர்ப்பின் கடைசிப் பத்தி. சட்டையைத் திருப்பிக் கேட்டு மனுப் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். மேல்முறையீடு வந்தால் இன்னும் பல ஆண்டுகள் அது அங்கேயே கிடக்கும் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும்டி, மடிச்சுத்தானே வச்சிருக்காங்க" என்றார்.