100 கிலோ கொடுத்தால் 90 கிலோவுக்குக் காசு

ஆசிரியருக்கு,

உள்ளூர் விளைச்சலை வாங்குங்கள், சுற்றாடலைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் பேசாத ஆள் இப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை. நல்லது, பேசட்டும். ஆனால் நாங்கள் கொடுக்கிற காசில் தோட்டக்காரர் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கதைக்கிறவர்கள் குறைவு.

விடியக்காலையில் சந்தையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தரிக்காயோ பயிற்றங்காயோ மூட்டையாகத் தராசில் ஏறும், 100 கிலோ நிற்கும், துண்டில் 90 என்று எழுதுவார்கள். மிச்சம் கழிவாம். அழுகலா, காம்பா, மண்ணா என்று கேட்டால் காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். அந்தப் பத்துக் கிலோவை யாரும் குப்பையில் கொட்டி நான் காணவில்லை, மற்றதோடு சேர்ந்து அதுவும் எங்களுக்குத்தான் விலைப்படுகிறது. தோட்டக்காரர்கள் இதைப் பற்றி நெடுகவும் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர்ச் சந்தைகள் பிரதேச சபைகளின் பொறுப்பு, குத்தகைக்கு விடுவதும் அவர்கள்தான். நிறுத்த நிறைக்கு முழுக்காசு என்று குத்தகை நிபந்தனையில் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

மாரி முடிந்து தை, மாசியில் கோவாவும் பீற்றூட்டும் ஒரேயடியாக வந்து விலை விழும்போது நிலைமை இன்னும் மோசம், அறுக்கிற கூலிக்கும் கட்டாது என்று கோவாத் தோட்டத்துக்குள் மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்களும் உண்டு. அதே கிழமை தம்புள்ளைப் பக்கமிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்த மரக்கறி பொலித்தீன் சுற்றிக் குளிரூட்டிய தட்டில் இருக்கும், ஒட்டியிருக்கிற விலையை ஒரு சொல் கேளாமல் கொடுத்துவிட்டு வருவோம். றோட்டோரம் சாக்கு விரித்துக் கீரை விற்கிற அம்மாவிடம் மட்டும்தான் எங்கள் பேரம் எல்லாம்!

1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்கே தோட்டம் செய்தவர்கள் தலைநிமிர்ந்ததும், 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டதும் அடிபட்டதும் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண் அதே மண்தான், விலைதான் மாறியது.

இங்கே விளைந்தது எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு ஆறு என்று இருப்பது வழுக்கையாறு, அதுவும் மாரியில் மட்டும். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற அதே நிலத்தடி நீர்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் கொட்டுகிற யூரியாவின் மிச்சம் நைத்திரேற்றாகக் கிணறுகளில் இறங்கியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2021இல் அரசு செய்ததுபோல் திடீரென்று இரசாயனப் பசளையைத் தடைசெய்தால் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிட்டோம். அதற்குப் பதிலாகப் பூவரசங்குழை வெட்டி மண்ணில் தாழ்க்கவும் மாட்டெரு ஏற்றி இறக்கவும் ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். நிறையிலேயே பத்து வீதத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மனுசனிடம் இயற்கை விவசாயம் செய்யுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஊர்க்கடைகளையும் மறக்கக்கூடாது. 2022இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் திரிந்த மாதங்களில் சாமானைத் தந்து கொப்பியில் கடன் எழுதியது ஒழுங்கை முகப்புக் கடைகள்தான். அங்கே தோட்டக்காரர் நேரே கொண்டுவந்து போடுகிற வாழைக்குலையும் முருங்கைக்காயும் இப்போதும் கிடைக்கிறது, நடுவில் தராசுக் கழிவு கிடையாது. நான் முடிந்தளவு அங்கேதான் வாங்குகிறேன், விலை சில நாள் ஐந்து பத்துக் கூடத்தான் இருக்கும், சரி, இருக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பத்திரிகையில் மரக்கறியின் சில்லறை விலையைப் போடும்போது, அன்றைக்குத் தோட்டக்காரருக்கு ஒரு கிலோவுக்குக் கிடைத்த விலையையும், கழிவு போக எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கிழமைக்கு ஒரு நாள் என்றாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உரும்பிராய்.