காட்டுத்தீ தடை சரிதானுங்க, உள்ளூர்க்காரனுக்கு என்ன விலக்குன்னு எழுதி ஒட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

மாசி பொறந்தாலே எங்க தாளவாடி மலைப்பக்கம் காட்டுல தீ மூட்டாதீங்க, பீடி சிகரெட் போடாதீங்க, மீறுனா கேசுன்னு போர்டு, அறிவிப்பு எல்லாம் ஆரம்பிச்சுரும். அத குத்தம் சொல்ல இத எழுதலீங்க. 2018 மார்ச்ல குரங்கணியில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல காட்டுத்தீயில செத்ததப் பாத்தப்புறம் தடையே வேண்டாம்னு எவன் சொல்லுவான். ஆனா எங்க மலைக்கு ஏறுற திம்பம் ரோட்டுல கார நிறுத்தி சிக்கன் சுடுறவனுக்கும் காட்டோரத்துலயே பொறந்து ராகி போட்டுப் பொழைக்கிறவனுக்கும் அந்த போர்டு ஒரே வார்த்தையத்தான் சொல்லுது.

எங்களுக்கு நெருப்பு இல்லாம நாளு ஓடாதுங்க. ராத்திரி யானை வெள்ளாமைக்குள்ள எறங்காம இருக்க காவல் பரணுக்குப் பக்கத்துல தீ போட்டுட்டு முழிச்சிருக்கணும், மக்காச்சோளம் ஒடிச்சப்புறம் மாடு திங்காம மிஞ்சுன தட்டு (காஞ்ச தண்டு), வேலியோரம் வெட்டிப்போட்ட உண்ணிச்செடி (லாண்டானாங்கிற முள்ளுப்புதர்) இதெல்லாம் எரிச்சாத்தான் அடுத்த வெள்ளாமைக்கு நெலம் ஆகும். மலைத்தேன் எடுக்குற சோளகர் பழங்குடிக்காரங்க பொக போடாம தேனீகிட்ட போக முடியுமா? தேன் எடுக்குற உரிமைய 2006 வன உரிமைச் சட்டமே குடுத்துருச்சு, அந்தப் பொகைய எப்ப எப்படிப் போடலாம்னு மட்டும் யாரக் கேட்டாலும் தெளிவா ஒரு பதில் வராது. பட்டா நெலத்துல எரிக்கிறதும் அதே கததான், ஒருத்தரு காத்து இல்லாதப்ப எரிச்சுக்கங்கம்பாரு, இன்னொருத்தரு கேஸ் ஆயிரும் பாத்துக்கம்பாரு, ரெண்டும் வாய்வார்த்தைதான். இதுல சேட்டிலைட் வேற. டேராடூன்ல இருக்குற ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியாவுல இருந்து தீ அலர்ட் செல்போனுக்கே வந்துருது, நல்ல விசயந்தான், ஆனா சேட்டிலைட் பாக்குற ஒரு கட்டமே நீளம் அகலம் 375 மீட்டருங்க, காட்டை ஒட்டுன வயல்ல தட்டு எரிஞ்சாலும் காடு எரியுதுன்னு அலர்ட் போறதுக்கு வாய்ப்பு இருக்கு.

சட்டத்துல எடமே இல்லியான்னா இருக்கு. 1882 தமிழ்நாடு வனச்சட்டத்துலயே வன அதிகாரி அறிவிக்கிற பருவம், முறை தவிர மத்தபடி காப்புக்காட்டுல தீ மூட்டக்கூடாதுன்னுதான் இருக்கு, அப்ப அறிவிக்கலாம்னுதானுங்க அர்த்தம்.

எங்க அக்கா பையன் ஆஸ்திரேலியாவுல விக்டோரியா பக்கம் ஒரு கிராமத்துல இருக்கான். அங்க முழுத்தடை போட்ட நாள்லகூட வீட்டுல இருந்து 20 மீட்டருக்குள்ள கேஸ் அடுப்பு பத்த வெக்கலாம், சுத்தி 3 மீட்டருக்கு எரியிற பொருள் எதுவும் கெடக்கக்கூடாது, 10 லிட்டர் தண்ணி கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், பெரியவங்க ஒருத்தர் கூடவே நிக்கணும். மத்த நாள்ல தீ சீசன்ல எரிக்கணும்னா பர்மிட். அவன் காடு வேற நம்ம காடு வேற, அத அப்படியே காப்பி அடிக்கச் சொல்லலீங்க, ஆனா எது செய்யலாம்னு அங்க எழுத்துல இருக்கு பாருங்க.

பக்கத்துல கர்நாடகாவுல இருக்குற பிலிகிரிரங்கன் மலை 1974ல சரணாலயம் ஆச்சு. அதுக்கு முந்தி அங்க சோளகருங்க கோடை முத்துறதுக்குள்ளயே சருகுக்கு சின்னதா தீ வெச்சு விடுவாங்களாம், அது தரையோட ஓடி அணைஞ்சுரும், பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. தடை வந்தப்புறந்தான் உண்ணிச்செடி மண்டிப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க, ஆராய்ச்சி பண்ணுனவங்களும் இதப்பத்தி எழுதியிருக்காங்க. உண்ணிச்செடி பரவுனதுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப புதரு ஆளு ஒசரத்துக்கு நிக்கிறதால தீப்புடிச்சா அது தரையோட நிக்கிறதில்ல, கிளைக்கு ஏறிருது. அதனால தை மாசத்துலயே, பனி ஈரம் இருக்குறப்பவே, ஊர்க்காரங்களையும் கூலி குடுத்துச் சேத்துக்கிட்டு வனத்துறை முன்னால நின்னு ஊரச் சுத்தி தீத்தடுப்பு கோடு (தீ தாண்டாம இருக்க சுத்தம் பண்ணி விடுற பட்டை) போட்டு சருக எரிச்சு முடிச்சுட்டா பங்குனில ஓட வேண்டியதில்லைங்களே.

திம்பம் ரோட்டுல ராத்திரி வண்டி ஓடக்கூடாதுன்னு 2022ல தடை வந்தப்ப உள்ளூர்க்காரனுக்கு விலக்கு குடுக்கலியா, அதே மாதிரி இதுக்கும் எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும் முழுத்தடை, மத்த நாள்ல காலைல எத்தன மணிக்குள்ள எரிக்கலாம், எரிக்கிறதுக்கு முன்னாடி எந்த நம்பருக்கு சொல்லணும், பரண்ல எவ்வளவு தீ போடலாம், தண்ணி எவ்வளவு வெச்சுருக்கணும், இதெல்லாம் கிராம சபையில பேசி முடிவு பண்ணி பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல ஒட்டுங்க. எங்க பக்கம் நெறைய பேரு வீட்டுல பேசுறது கன்னடம், அதனால கன்னடத்துலயும் சேத்து ஒட்டணுமுங்க.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தாளவாடி மலைப்பகுதி, ஈரோடு மாவட்டம்.