கலைக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கலைக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மா எதிர்வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். உன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, டப்பாவை மோந்து பார்த்து பெருங்காயம், சுக்கு, மரிக்கொழுந்து என்று கத்துவதைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே துணியை எல்லாப் பிள்ளைக்கும் கட்டாதே, ஒருத்தனுக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் வகுப்பு முழுக்க ஒட்டிக்கொள்ளும். பயப்படுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

அடுத்த வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாய் தின்னச் சொல், வெறும் இனிப்புதான் தெரியும், மூக்கை விட்டதும்தான் ஏலக்காய் வரும். அப்புறம் இரண்டு ஈர்க்குச்சியைச் சின்ன இடைவெளி விட்டுப் பிடித்து விரல் நுனியில் மெதுவாக வைத்துப் பார், இரண்டு என்பார்கள். அதே இடைவெளியில் முதுகில் வைத்தால் ஒன்று என்பார்கள். பார்வையில்லாதவர்கள் தொட்டுப் படிக்கிற பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும், விரல் நுனிக்கு அது போதும்.

பார்வை போன நம் அப்பாயியைப் பற்றியும் சொல்லு. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பொன்னியா சீரகச் சம்பாவா என்று சொல்லிவிடுவாளே. வாய்க்காலில் தண்ணீர் ஏறுவது சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். அது பல வருஷக் கைப்பழக்கம். கண்ணைக் கட்டினதும் பிள்ளைகளுக்கு வருவது முதல் நிமிஷத்துத் தடுமாற்றம்தான், அதை வைத்து அய்யோ பாவம் என்று முடித்துவிட்டார்கள் என்றால் நீ பட்ட பாடெல்லாம் வீண்.

அப்பாயிக்கு வந்தது கிளாக்கோமா, கண் நரம்பு கெடுகிற நோய். வலி எதுவும் இருந்ததில்லை. முதலில் ஓரப் பார்வைதான் போனது. பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிடுவாள், அவசரக்காரி என்றுதான் வீட்டில் பேச்சு. பொங்கலுக்கு வந்தபோது நீ இரண்டு தடவை நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாய், அம்மா கையிலிருந்த டம்ளரையும் தட்டிவிட்டாய். நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கண் செக்கப் என்று நான் எப்போது போட்டாலும் நீ கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புகிறாய். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா?

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததோடு விடாதே கலை. கண் அழுத்தம் பார்க்க வேண்டும், கண்மணி விரியச் சொட்டு விட்டுக் கண் நரம்பையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுத்தம் சரியாக இருந்தே நரம்பு கெடுவதும் உண்டு. போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் என் டாக்டர். நானும் ராத்திரி தவறாமல் சொட்டு விட்டுக்கொள்கிறேன். பெற்றவர்களுக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

சம்பா நடவு முடிந்தது. மற்றதைப் போனில் சொல்கிறேன். உனக்கு மதுரையில் பக்கத்திலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. கண்மணி விரியச் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும், தனியாகப் போகாதே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிச் சனிக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன், நீ லீவு மட்டும் போட்டு வை.

அப்பா