யாருடைய பக்கம் என்று சிடிஎன்னுக்குத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையதளங்களை வேகப்படுத்துவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிடிஎன், அதாவது தளத்தின் நகல்களைப் பல ஊர்க் கணினிகளில் வைத்து, கேட்பவருக்கு அருகிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் சேவை. அதில் சேர்ந்துவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரையில் இருந்தது. பார்வையற்றோருக்கான ஒலிநூல் தளம் ஒன்றை ஆறு வருடமாகப் பராமரித்து வருகிறேன். நானும் அதே நம்பிக்கையோடு இறங்கியவன்தான். அதில் பட்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிடிஎன்னால் பலன் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தளம் இருக்கும் கணினியான சர்வரிலிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒரு தடவை போய்வரவே 100 மில்லிநொடி ஆகிவிடும். இணைப்பு ஏற்படுத்த ஒரு தடவை, பாதுகாப்புச் சாவியைப் பரிமாறிக்கொள்ள ஒரு தடவை, அப்புறம்தான் பக்கத்தைக் கேட்க ஒரு தடவை. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது. நகலைக் கேட்பவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் குறையும். எங்கள் ஒலிக்கோப்புகள் அப்படித்தான் முதல் நாளே சட்டென்று ஓட ஆரம்பித்தன.

ஆனால் புத்தகப் பட்டியல் மட்டும் பழையபடியே இழுத்தது. பதிலோடு வரும் ஹெடர் என்ற குறிப்பைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ‘மிஸ்’ என்றே இருந்தது. அதாவது சிடிஎன்னிடம் நகல் இல்லை, எங்கள் சர்வர் வரை வந்துதான் எடுத்துப் போகிறது. காரணம் எங்கள் மென்பொருள்தான். லாகின் செய்து உள்ளே நுழையாமல் சும்மா எட்டிப் பார்ப்பவருக்கும் அது ஒரு குக்கீயை, அதாவது ஆளை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பை, கொடுத்துக்கொண்டிருந்தது. குக்கீயோடு வரும் பக்கத்தை சிடிஎன் பொதுவாகச் சேமித்து வைக்காது.

அங்கேதான் தப்பு செய்தேன். குக்கீயைப் பார்க்காதே, எல்லாவற்றையும் சேமித்துக்கொள் என்று அமைப்பை மாற்றிவிட்டேன். தளம் பறந்தது. மறுநாள் காலை ஒரு அம்மா போன் செய்தார். “தம்பி, என் பக்கத்தைத் திறந்தா ஸ்கிரீன் ரீடர் வேற யாரோ பேரைச் சொல்லி வணக்கம் சொல்லுதுப்பா” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. முதலில் நுழைந்த ஒருவரின் சொந்தப் பக்கத்தை சிடிஎன் சேமித்து, அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவர் பெயர் மட்டுமல்ல, நீரிழிவு பற்றிய புத்தகத்தை எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார் என்பது வரை வெளியே போய்விட்டது. சேமிப்பை அழித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு உரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார். ஆனால் தன் பக்கத்தை வேறு யாராவது பார்த்தார்களா என்று கண்ணால் சரிபார்க்க முடியாத ஒருவருக்கு இதைச் செய்துவிட்டோமே என்பது இன்றும் உறுத்துகிறது.

பெரிய தளங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் கேஷ் (நகல் சேமிப்பு) அமைப்பு பிசகியதால், சுமார் 34,000 பேரின் விவரங்கள் அடங்கிய பக்கங்கள் மற்றவர்களுக்குப் போயிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது.

இப்போது எங்கள் தளத்தில் உள்ளே நுழைந்த பிறகு வரும் எல்லாப் பக்கங்களுக்கும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் ‘பிரைவேட், நோ-ஸ்டோர்’ (தனிப்பட்டது, சேமிக்காதே) என்று சர்வரே சொல்லிவிடுகிறது. நுழையாதவருக்குக் குக்கீயே கிடையாது, அதனால் பட்டியலை சிடிஎன் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்கிறது. ஒலிக்கோப்புகளுக்கு ஒரு வருடம். ஒலியில் ஏதாவது திருத்தினால் புதுப் பெயரில்தான் ஏற்றுகிறோம். ஒருமுறை பழைய பெயரிலேயே ஏற்றிவிட்டதால், சிடிஎன் தன்னிடமிருந்த பழைய நகலையே கொடுத்து, திருத்திய அத்தியாயம் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒரு சின்னச் சோதனையையும் தயவுசெய்து சேருங்கள். சிடிஎன்னை இயக்கியதும் ஒரு பிரவுசரில் உள்ளே நுழைந்து உங்கள் சொந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பிறகு இன்னொரு பிரவுசரில், நுழையாமலே, அதே முகவரியைத் திறக்க வேண்டும். உங்கள் பெயர் அங்கே வந்தால் அந்த நிமிடமே சேமிப்பை நிறுத்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிநூல் தளம் ஒன்றைப் பராமரிக்கும் வாசகர்